இடம் இல்லன்னு நான் சொன்னது

"தம்பி, பாட்டி பேசுறது அந்தப் பொண்ணுக்குப் புரியாதுப்பா, அதுதான் படமே. டப்பிங்ல ரெண்டு பேரும் ஒரே மொழியில பேசிக்கிறாங்க, அப்புறம் அவ எதுக்கு அழுறான்னு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரிஜினல் ஆடியோவையும் சேத்துப் போட்டுடுங்க."

டைரக்டர் போன்ல கேட்டது இவ்வளவுதான். அவர் படத்தோட டப்பிங் டிவிடிய எங்க ஆபீஸ்ல நான்தான் தயார் பண்ணிட்டு இருந்தேன். நான் "டிஸ்க்ல இடம் இல்ல சார்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சரி தம்பி, உங்களுக்குத் தெரியாததா"ன்னு சொல்லி வச்சுட்டார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் இன்னும் உறுத்துது.

இடம் இல்லாம இல்ல. ஒரு லேயர் டிவிடி, 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், கம்ப்யூட்டர்ல பாத்தா 4.37தான் காட்டும், அதுல 110 நிமிஷப் படம், 5.1 சரவுண்ட் சத்தத்துல டப்பிங் டிராக், படம் எடுத்த விதத்தக் காட்டுற 20 நிமிஷ மேக்கிங் வீடியோ எல்லாம் போக நிரம்பித்தான் இருந்துச்சு, அது நிஜம். ஆனா ஒரிஜினல் ஆடியோவ சாதாரண ஸ்டீரியோவா, 192 கேபிபிஎஸ்ல (நொடிக்கு 192 கிலோபிட்) போட்டிருந்தா சுமார் 160 எம்பிதான், சப்டைட்டிலுக்கு சில எம்பி போதும். மேக்கிங் மட்டுமே 600 எம்பிக்கு மேல தின்னுச்சு. ஒரு டிவிடில 8 ஆடியோ, 32 சப்டைட்டில் வரைக்கும் வைக்கலாம், நாங்க வச்சது ஒரே ஒரு ஆடியோ.

உண்மையான காரணம் வேற. ஒரிஜினல் மொழி உரிமைய வேற ஏரியாவுக்குத் தனியா விக்கிறதா பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, இந்த டிஸ்க்ல அந்த ஆடியோ இருந்தா சரக்கு அங்க போயிடும்னு ஆபீஸ்ல பயம். அதுக்காகத்தான் ரீஜன் கோடும் போட்டோம், உலகத்துல ஒரு பகுதிக்கான பிளேயர்ல மட்டும் டிஸ்க்க ஓட விடுற பூட்டு அது. அத அவர்கிட்ட அப்படியே சொல்லிருந்தா அவர் புரொடியூசர்கிட்ட சண்டை போட்டிருப்பார், மறுநாள் மாஸ்டர் டிஸ்க் அச்சடிக்கிற பிளாண்ட்டுக்குப் போகணும், அங்க கிளாஸ் மாஸ்டர்ங்கற மூல அச்ச வெட்டிட்டா அப்புறம் ஒரு எழுத்துகூட மாத்த முடியாது. தேதி தள்ளிப்போகக் கூடாதுன்னுதான் சொன்னேன், எனக்குன்னு அதுல எந்த லாபமும் இல்ல. ஆனா தேதியக் காப்பாத்தி என்ன ஆச்சு? தியேட்டர விட்டுப் படம் போயி 4 மாசம் கழிச்சுத்தான் டிஸ்க்கே கடைக்கு வந்துச்சு, அதுக்குள்ள ஒரிஜினல் ஆடியோவோட யாரோ சப்டைட்டில் எழுதிச் சேத்த திருட்டு காப்பி எல்லார் கையிலயும் இருந்துச்சு. பாட்டி அதுல அவங்க மொழியிலயே பேசுனாங்க.

கடைக்காரங்க டிஸ்க்க டப்பிங் படங்க இருக்கற அலமாரியில வச்சாங்க, அங்க வந்து தேடுறவங்க சண்டைப்படம் தேடுறவங்க. இந்தப் படத்தக் கொண்டாடுன ஆளுங்க அந்தப் பக்கமே வரல, வந்த சிலரும் அட்டையத் திருப்பி எந்த மொழின்னு பாத்துட்டு வச்சுட்டாங்க. விக்காததத் திருப்பி எடுத்துக்கறோம்னு சொல்லித்தான் கடைகளுக்குக் குடுத்திருந்தோம், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா திரும்பி வந்துச்சு. தனியா விக்கப் போறோம்னு சொன்ன அந்த ஒரிஜினல் மொழி டிஸ்க் கடைசிவரைக்கும் எந்த ஏரியாவுலயும் வரவே இல்ல.

சில நாள் நினைப்பேன், ஆடியோ இருந்திருந்தாலும் 4 மாசம் லேட்டு, தப்பான அலமாரி, ரீஜன் லாக், இதெல்லாம் இருந்திருக்கும், என் ஒரு வார்த்தையால விற்பனை படுத்துடல. விநியோகம்தான் படத்தக் கொன்னுச்சுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க, நானும் தலையாட்டுனேன். ஆனா திருட்டு காப்பி அந்த 4 மாசத்துக்குள்ளதான சுத்திச்சு? ஆளுங்க தேடிப் பிடிச்சுப் பாத்தாங்களே? அவங்க தேடுனது அந்தப் பாட்டியோட குரல, அது எங்ககிட்ட இருந்துச்சு, ஹார்ட் டிஸ்க்ல, ஒரு போல்டர் தள்ளி.

அதுக்கப்புறம் அவர 2 தடவ பாத்துட்டேன். டிவிடி பத்தி ஒண்ணுமே கேக்கல, வேல எப்படிப் போகுது தம்பின்னு மட்டும் கேட்டார். கேட்டிருந்தா சொல்லிருப்பேன்னு நினைக்கிறேன், உறுதியா தெரியல.

போன மாசம் பழைய புராஜக்ட் ஃபைலத் திறந்து ரெண்டு ஆடியோவும் சப்டைட்டிலும் வச்சு முழு டிஸ்க்கா ஒரு பில்ட் போட்டுப் பாத்தேன். மேக்கிங்க எடுக்கவே வேண்டியதில்ல, வீடியோ பிட்ரேட்ட, அதாவது படம் நொடிக்கு எடுத்துக்கற டேட்டாவ, 0.2 மெகாபிட் குறைச்சா எல்லாம் உள்ள போயிடுது, படத்துல எந்த வித்தியாசமும் என் கண்ணுக்குத் தெரியல. அதப் பதிஞ்ச டிஸ்க் மேசையிலதான் இருக்கு. அவருக்கு அனுப்புனா இடம் இருந்துச்சுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். கவர்ல அட்ரஸ் எழுதிட்டேன், இன்னும் ஒட்டல.