பம்பர் உரசாம ஏறணும்: தாழ்வான காருக்கு ரேம்ப் தேடின அனுபவம்

வீட்லயே ஆயில் மாத்தறதுல கஷ்டமான வேலை ஆயில் மாத்தறது கிடையாது, காருக்கு அடியில போறதுதான். உயரமான வண்டி வச்சிருக்கவங்களுக்கு இது புரியாது, அவங்க ஒரு அட்டையை விரிச்சுப் போட்டு அப்படியே உள்ள நுழைஞ்சிடுவாங்க. என்னோடது தாழ்வான செடான், முன்னாடி பம்பருக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் உதடு வேற தொங்கும், தரையில படுத்து கையை விட்டா முழங்கை தாண்டறதே பெரிய விஷயம்.

ஜாக் வச்சுத் தூக்கி, தூக்கின காரைத் தாங்கற ஸ்டாண்ட் கொடுக்கலாமான்னுதான் முதல்ல யோசிச்சேன். அது தப்பான வழி இல்லை, ஆனா சாதாரண டிராலி ஜாக் தாழ்வான கார் அடியில நுழையவே நுழையாது, அதுக்குன்னு தனியா உயரம் கம்மியான லோ புரொஃபைல் ஜாக் வேணும், அப்புறம் ஜாக் வைக்கிற இடத்துலயே ஸ்டாண்டும் வைக்கணும்னா இடம் பத்தாது, ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கு போடணும். ரேம்ப்ல, அதாவது முன் டயரை ஏத்தி நிறுத்தற சரிவு வச்ச மேடையில, அந்தத் தலைவலி இல்லை, வண்டி எப்பவும் நிக்கிற மாதிரி டயர் மேலயேதான் நிக்குது. வெறும் ஜாக்கை மட்டும் நம்பி அடியில போறதுங்கிற பேச்சுக்கே இடமில்லை, அதை விடுங்க.

ரேம்ப் தேட ஆரம்பிச்சா எல்லாத்துலயும் ரெண்டு விஷயத்தைத்தான் பெருசா எழுதியிருக்கான், எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு உயரம் தூக்கும். எடையைப் பத்தி ஒரு விஷயம் மட்டும் கவனிச்சுக்கோங்க, அந்த நம்பர் ஒரு ரேம்புக்கா, ஜோடிக்கா, இல்ல வண்டியோட மொத்த எடைக்கான்னு ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி போடுவான், சின்ன எழுத்துல இருக்கும். முன்னாடி இன்ஜின் இருக்கிற முன்சக்கர டிரைவ் கார்ல மொத்த எடையில சுமார் 60 சதவீதம் முன் டயர்லதான் நிக்கும், அப்போ 1300 கிலோ கார்னா முன்னாடி 800 கிலோ கிட்ட, ஒரு ரேம்புக்கு 400 கிலோ. சின்ன காருக்கு இது பிரச்சனையே இல்லை, பெரும்பாலான ரேம்ப் இதைத் தாராளமா தாங்கும். தாழ்வான காருக்கு உண்மையான பிரச்சனை மூணாவது நம்பர், சரிவோட கோணம். அதைத்தான் பல பெட்டியில போடவே மாட்டேங்கறான்.

கோணம் ஏன் முக்கியம்னா, டயர் ரேம்பைத் தொடுறதுக்கு முன்னாடியே பம்பர் ரேம்ப் மேல போயிடும். டயருக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதி முழுக்க சரிவுக்கு மேல மிதந்து போகணும், டயர் அப்புறம்தான் ஏறும். அதனால நான் வாங்கறதுக்கு முன்னாடி டேப் எடுத்துக்கிட்டு உக்காந்துட்டேன். இதுல ஒரு விஷயம், பலர் பம்பரோட நடுவுல அளக்கறாங்க, அது தேவையே இல்லை, நடுவுல ரேம்ப் வராது. டயருக்கு நேர் முன்னாடி, டயர் அகலத்துக்குள்ள எது ரொம்பக் கீழ இருக்குன்னு பாக்கணும். என் கார்ல பம்பர் உதட்டை விடக் கீழ இறங்கி, முன் டயருக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு சின்ன ரப்பர் பட்டை தொங்கிக்கிட்டு இருந்துச்சு, காத்தை டயர் மேல படாம திருப்பி விடறதுக்காக வைக்கிறது. அது வளையக்கூடியது, உரசினா ஒண்ணும் ஆகாது, சத்தம் மட்டும் வரும். ஆனா அந்த சத்தத்தைக் கேட்டு பம்பர் போச்சுன்னு பயந்துடுவோம், அதனால அது இருக்கான்னு முன்னாடியே குனிஞ்சு பாத்து வச்சுக்கறது நல்லது.

எனக்கு வந்த அளவு இது, தரையிலிருந்து பம்பர் உதடு 15 சென்டிமீட்டர், டயர் தரையைத் தொடுற இடத்துலேர்ந்து உதடு வரைக்கும் 72 சென்டிமீட்டர். 15ஐ 72ஆல வகுத்து கால்குலேட்டர்ல டான் இன்வர்ஸ் (விகிதத்துலேர்ந்து கோணம் சொல்ற பட்டன்) போட்டா 12 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மியா வருது. அதாவது 12 டிகிரி சரிவே எனக்கு இடிக்கும். கடையில கிடைக்கிற குட்டை ரேம்ப் நிறைய 17 டிகிரி பக்கம் இருக்கு. 17 சென்டிமீட்டர் தூக்கற அந்த மாதிரி ரேம்ப்ல சரிவு 55 சென்டிமீட்டர் நீளத்துலயே முடிஞ்சிடும், என் பம்பர் 72ல நிக்குது, அதாவது டயர் வந்து தொடுறதுக்குள்ள 15 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கிற பம்பர் சரிவோட மேல் பகுதியிலேயே போய் முட்டும். அதே 17 சென்டிமீட்டரை 10 டிகிரியில ஏத்தினா சரிவு மட்டும் 96 சென்டிமீட்டர், பம்பர் நிக்கிற இடத்துல ரேம்போட உயரம் 12.7 தான், ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி கிடைக்குது. நிம்மதியா மூச்சு விட இது போதும். கோணம் குறைஞ்சா நீளம் இப்படித்தான் ஏறும், வீட்ல அதை எங்க வைக்கப்போறோம்னு அப்பவே யோசிச்சுடணும்.

கணக்கு போட்டாலும் எனக்குக் கண்ணால பாத்தாதான் திருப்தி. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, 96 நீளம் 17 உயரத்துல ஒரு முக்கோணம் பண்ணி, டயர் முன்னாடி நிமித்தி வச்சு பம்பருக்கு அடியில மெல்ல தள்ளினேன். கூர் முனை டயரைத் தொடுற வரைக்கும் எங்கேயும் தட்டாம போச்சுன்னா அந்த ரேம்ப் ஓகே. 17 டிகிரிக்கு வெட்டின முக்கோணம் பாதி வழியிலேயே பம்பர்ல மடங்கிடுச்சு. தம்பி பக்கத்துல நின்னு பாத்துட்டு "அண்ணா, இது அட்டை, மடங்குது, ரேம்ப்னா பம்பர்தான் மடங்கும்"னான். கடைக்குப் போறதுக்கு முன்னாடி யாரா இருந்தாலும் இதைப் பண்ணிப் பாத்துடுங்க, அட்டைக்கு செலவே கிடையாது.

அப்புறம் எது வாங்கறதுங்கிற கேள்வி. குட்டை ரேம்பையே வச்சுக்கிட்டு முன்னாடி பலகை போட்டு ஏத்தலாம்னு நிறைய பேர் சொல்வாங்க, அது வேலை செய்யும், ஆனா பலகையோட நீளத்துலதான் விஷயமே இருக்கு. 4 சென்டிமீட்டர் தடிமன் பலகைன்னா டயர் அதுல ஏறின உடனே பம்பரும் 4 சென்டிமீட்டர் தூக்கும், ஆனா பம்பர் ரேம்ப் சரிவுக்கு மேல வர்றதுக்கு முன்னாடியே டயர் பலகை மேல இருக்கணும் இல்லையா, அப்போ பலகை குறைஞ்சது நம்ம பம்பர் நீட்டிக்கிட்டு இருக்கிற அளவு நீளமாவது இருக்கணும். ஒரு அடி கட்டையை வச்சா டயர் அதுல ஏறும்போது பம்பர் ஏற்கனவே முட்டியிருக்கும். பலகையோட முனை ரேம்ப் சரிவுல ஒட்டி நிக்கணும், நடுவுல பள்ளம் இருந்தா டயர் அதுல இறங்கி ரேம்பைத் தள்ளும். இவ்வளவும் பாக்கணுமேன்னு நான் அந்த வழியை விட்டுட்டேன்.

மரத்துலயே அடுக்கடுக்கா செய்யலாம், அகலமான பலகைகளை ஒண்ணு மேல ஒண்ணா ஒவ்வொண்ணும் கொஞ்சம் நீளம் குறைச்சு ஸ்க்ரூ போட்டு இறுக்கறது, படி மாதிரி இருக்கும், உறுதியானதுதான், ஆனா கனம் ஜாஸ்தி. செங்கல், ஹாலோ பிளாக் மட்டும் கிட்டயே கொண்டு வராதீங்க, அது விரிசல் விட்டு எச்சரிக்கை கொடுத்துட்டெல்லாம் உடையாது, படார்னு நொறுங்கும், அடியில நாம இருப்போம். இரும்பு ரேம்ப் பலமா இருந்தாலும் வழுவழு தரையில வழுக்கும், வெல்டிங்ல துருவும் பாக்கணும். கெட்டியான ஃபோம்ல செஞ்சு மேல கடினமான பூச்சு கொடுத்த ரேம்ப் ஒண்ணு இருக்கு, நீளமா சரிவு கம்மியா கிடைக்கும், தலையணை மாதிரி ஒரு கையில தூக்கிடலாம், தரையையும் கீறாது.

நான் கடைசியில எடுத்தது ரெண்டு துண்டா பிரியற டைப். வண்டி மேல ஏறி நின்ன அப்புறம் சரிவுப் பகுதியைக் கழட்டி எடுத்துடலாம், டயருக்குக் கீழ மேடைத் துண்டு மட்டும் நிக்கும். இதுல பெரிய வசதி என்னன்னா பக்கவாட்டுல உள்ள போகலாம், 96 சென்டிமீட்டர் சரிவு ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி மறைக்காது. வைக்கவும் இடம் கம்மி. வாங்கும்போது மேல்தட்டோட அகலத்தை டயர் அகலத்தோட ஒப்பிட்டுப் பாத்தேன், டயர் 205 மில்லிமீட்டர்னா ரெண்டு பக்கமும் கையளவு மிச்சம் இருந்தாதான் ஏறும்போது லேசா திரும்பினாலும் பயம் இல்லை. முன்னாடி டயர் தாண்டாம தடுக்கிற மேடு இருக்கான்னும் பாருங்க.

ஏத்தறதுக்குத் தரை சமமா இருக்கணும், மண் தரைன்னா கீழ தடிமனான பிளைவுட் போடணும், இல்லன்னா ஒரு பக்கம் புதையும். என் தரை வழுவழு சிமென்ட், அதனால ரேம்புக்கு அடியில ரப்பர் மேட் போட்டேன். இங்க டிரைவ் எந்த சக்கரத்துலங்கிறதும் வித்தியாசம் பண்ணும். பின்சக்கர டிரைவ்னா பின்னாடிலேர்ந்து வண்டியைத் தள்ளுது, முன் டயர் சும்மா உருளுது, அந்தத் தள்ளல் முழுக்க ரேம்பை முன்னாடி நகத்தப் பாக்கும். முன்சக்கர டிரைவ்ல டயரே ரேம்பைப் பிடிச்சு ஏறுது, மெதுவா போனா தள்ளல் பெருசா இருக்காது, ஆனா ஆக்சிலரேட்டரை அழுத்தினா டயர் சுத்தி ரேம்பைப் பின்னாடி உருவி எறியும். மேல போய் சடன் பிரேக் போட்டா எந்த வண்டியா இருந்தாலும் ரேம்ப் முன்னாடி போகும். அதனால கிளட்ச் பாதியில வச்சு ஊர்ந்து ஊர்ந்துதான் ஏத்தினேன். தம்பி பக்கவாட்டுல, கார் போற வழியில இல்லாம தள்ளி நின்னு "வா வா, இன்னும் கொஞ்சம், நில்லு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். ரெண்டு டயரும் மேல்தட்டுல உக்காந்ததும் ஃபர்ஸ்ட் கியர், ஹேண்ட்பிரேக், பின் டயர் ரெண்டுக்கும் முன்னாடி பின்னாடி கட்டை. அதுக்கப்புறம் பக்கத்துல நின்னு காரை நல்லா உலுக்கிப் பாத்துட்டுதான் உள்ள போனேன்.

மூக்கு தூக்கி நிக்கும்போது ஆயில் முழுசா வடியுமான்னு ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். 17 சென்டிமீட்டர் தூக்கினா, 2.6 மீட்டர் வீல்பேஸ்ல (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) சாய்வு 4 டிகிரிக்குள்ளதான். ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட், சம்ப்போட (இன்ஜின் அடியில ஆயில் தேங்கற தொட்டி) பின்பக்கம் இருந்தா சாய்வு உதவியே பண்ணும், முன்பக்கம் இருந்தா கொஞ்சம் தங்கும், அப்படின்னா பின்னாடியும் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து சமமாக்கிக்கலாம். என்னோடதுல பின்பக்கம்தான். தாழ்வான கார்ல அடியில பிளாஸ்டிக் கவர் இருக்கும், அதைக் கழட்டறதுதான் ஆயில் மாத்தறதை விட அதிக நேரம் எடுத்துச்சு, ஸ்க்ரூ பாதி, கிளிப் பாதி, கழட்டின வரிசையிலேயே ஒரு தட்டுல போட்டு வச்சுக்கோங்க. ஆயில் பிடிக்கிற தட்டோட உயரத்தையும் முன்னாடியே பாருங்க, இருக்கிற இடமே கம்மி, உயரமான வாளி வச்சா நமக்கு கை நுழையாது. மத்தது வழக்கம்தான், இன்ஜின் இளஞ்சூட்டுல இருக்கணும், டிரெயின் போல்ட்டோட வாஷர் புதுசு போடணும், பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருக்கான்னு விரலால தடவிப் பாக்கணும், புது வளையத்துல ஆயில் தடவி கையாலயே இறுக்கணும்.

இறங்கும்போது ரெண்டு துண்டு ரேம்ப்ல சரிவுப் பகுதியைத் திரும்ப மாட்டினோமான்னு இறங்கிப் போய் கையால தொட்டுப் பாத்துட்டுதான் கட்டையை எடுக்கணும், இல்லன்னா டயர் மேடையிலேர்ந்து நேரா கீழ விழும். ரிவர்ஸ்ல வரும்போதும் பம்பர் அதே சரிவு மேலதான் வரும், அதனால அதே ஊர்ற வேகம். ஆயில் அளவை ரேம்ப் மேல நிக்கும்போது பாத்து ஊத்தாதீங்க, சாய்வுல டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற குச்சி) தப்பாத்தான் காட்டும். மேனுவல்ல சொன்ன அளவை விடக் கொஞ்சம் குறைச்சு ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு கசிவு இருக்கான்னு பாத்துட்டு, சமதரையில இறக்கி சில நிமிஷம் விட்ட அப்புறம் டிப்ஸ்டிக் பாத்து மிச்சத்தை ஊத்தினேன். வடிச்ச ஆயிலைப் பழைய கேன்லயே அடைச்சு, பழைய ஆயில் வாங்கிக்கற இடத்துல கொடுத்தாச்சு.

உங்க பம்பர் 10 சென்டிமீட்டருக்கும் கீழ இருக்குன்னா 10 டிகிரி ரேம்பும் இடிக்கத்தான் வாய்ப்பு, அந்த மாதிரி காருக்கு நீளமான பலகையோட சேத்து ஏத்தணும், இல்ல லோ புரொஃபைல் ஜாக்கும் நாலு ஸ்டாண்டும்தான் சரி.