தொட்டி மண்ணில் குட்டிக் கறுப்பு ஈ

செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மண்ணிலிருந்து பொடிப்பொடியாகக் கறுப்பு ஈக்கள் கிளம்புகின்றனவா? பழ ஈ என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைப் பிடித்து லென்ஸில் பாருங்கள்.

என் தோட்டத்தில் சிக்கியது 3 மி.மீ. கூட இல்லை. ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள், மணி கோத்தது போல நீளமான உணர்கொம்பு, இறக்கையில் 'ஒய்' வடிவ நரம்பு. சரி, ஃபங்கஸ் நேட் என்ற பூஞ்சை ஈதான். உணர்கொம்பு குட்டையாக, இறக்கையில் வெளிர்புள்ளிகளோடு இருந்திருந்தால் ஷோர் ஃப்ளை என்ற வேறொரு ஈ. பறக்காமல் விட்டுவிட்டு ஓடும் கூன்முதுகு ஈ என்றால் அது ஃபோரிட்.

ஃபங்கஸ் நேட் கடிக்காது. வேலையைக் காட்டுவது மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு: கறுப்புத் தலை, உள்ளே இருப்பது தெரியும் வெளிறிய உடம்பு. ஈர மண்ணில் பூஞ்சையையும் மக்கியதையும் தின்னும். நாற்று கிடைத்தால் இளவேரையும் விடாது. உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் வைத்து இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பினால் அடியில் நெளியும். (சாப்பிடும் நேரத்தில் பார்க்க வேண்டாம்.)

மஞ்சள் ஒட்டும் அட்டையில் ஈதான் மாட்டும், புழு மாட்டாது. அதனால் முதலில் மேல்மண் நன்றாகக் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அப்புறம் பி.டி.ஐ. கலந்த தண்ணீரை ஊற்றலாம். கொசுப்புழுவுக்குப் போடும் அதே பாக்டீரியாதான்.