ஏ-82 பெல்ட்டும் ஏறாத மேடும்

ஹட்டன் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவில் தோட்ட வேலை என் பொறுப்பு. அங்கே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி டிராக்டர் ஒன்று இருக்கிறது. மழை தொடங்கிய கையோடு அது மேடு ஏற மறுத்தது. சமதரையில் போகும். வாசல் சரிவில் என்ஜின் சத்தம் கொஞ்சமும் இறங்காது, வண்டி மட்டும் நின்றுவிடும். கூடவே ரப்பர் கருகும் வாடை.

என்ஜின் திணறாமல் சக்கரம் நின்றால் அநேகமாக என்ஜின் ஓட்டத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் பெல்ட் வழுக்குகிறது. கியர் இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி என்றால், சக்கரத்தை விடுவிக்கிற பின்பக்கத்து ஃப்ரீவீல் லீவரை முதலில் பாருங்கள். தள்ளிக்கொண்டு போவதற்காக இழுத்தவர் அப்படியே விட்டுப் போயிருப்பார். எங்களுடையது கியர் வண்டி, அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி, பிளேடு இருக்கும் டெக்கை இறக்கி, பெல்ட் ஓடும் வழியை போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றினேன். வம்பு கடையில்தான்.

பெல்ட்டில் நம்பர் அழிந்திருந்தது. கடைக்காரர் வெளிச்சுற்றை டேப்பால் அளந்தார்: 82 அங்குலம். ஏ-82 ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது மில் பெல்ட் இல்லையாண்ணே?"

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. ஃபெக்டரிக்கே இதுதான் போகுது."

ஒன்றில்லை. ஏ நம்பர் உள்சுற்றைச் சொல்வது. வெளிச்சுற்று அதைவிட ஏறக்குறைய 2 அங்குலம் கூடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லியின் ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தும் அந்தத் தொய்வு போகவில்லை. முன்பு மேட்டில் நின்ற வண்டி இப்போது சமதரையிலும் நின்றது! அளவு சரியாக இருந்தாலும் மில் பெல்ட் இதற்கு நிலைக்காது. கிளட்ச்சை விடும்போதெல்லாம் வழுக்கி வழுக்கித்தான் பிடிக்கும், ஐட்லர் வேறு முதுகுப்பக்கமாக வளைக்கும். அதனால்தான் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை நூல் வைத்த பெல்ட் போடுகிறார்கள்.

கடைசியில் கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டி வந்தேன். புதுசை அவர் தொடக்கூட இல்லை. "பழசக் கொண்டாங்க" என்றார். அதைப் புரட்டி முதுகைக் காட்டினார். கண்ணாடி போல மினுங்கியது. பக்கங்கள் மினுங்கினால் பள்ளப் புல்லியில் வழுக்கல், முதுகு மினுங்கினால் தட்டை ஐட்லர் சுற்றவில்லை என்றார். கையால் திருப்பினால் அசையவே இல்லை. பின்னால் ஈரப்புல் அடைபோல் இறுகி, பேரிங் துருப்பிடித்துப் போயிருந்தது. 6203, எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கிற சாமான். இதைப் பார்க்காமல் எத்தனை பெல்ட் மாற்றினாலும் கருகத்தான் செய்யும்.

சீட்டுக்கு அடியிலிருந்த மாடல் நம்பரைச் சொல்லி, கொழும்பிலிருந்து சரியான பெல்ட்டை பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னேன். மாட்டும்போது ஒவ்வொரு புல்லியிலும், பெல்ட் நழுவாமல் தடுக்கும் காவல் கம்பிக்கு உள்ளே பெல்ட் போகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒன்று வெளியே கிடந்தாலும் உரசியே அறுந்துவிடும்.

இப்போது மூன்றாம் கியரிலேயே சரிவு ஏறுகிறது. ஏ-82 பெல்ட்டைத் திருப்பக் கொண்டுபோனால், "ஓட்டின சாமான் எடுக்க மாட்டோம்" என்று பில்லின் அடி வரியைக் காட்டினார் கடைக்கார அண்ணன். அளந்தது யார் என்று கேட்டேன். போன் வந்துவிட்டது அவருக்கு.