"வெறும் சுளுக்குதான்": பனிச்சறுக்கு கிளினிக்ல ஒரு சீசன்

டிசம்பர் 14

சீசன் ஆரம்பிச்சு ரெண்டாவது வாரம். சறுக்க வர்றவங்கள மலை மேல ஏத்தற லிஃப்டுக்குப் பக்கத்துலயே எங்க கிளினிக், நான் இங்க பிசியோ. இந்த வருஷம் ஒரு நோட்டு போட்டிருக்கேன், பக்கத்து நடுவுல ஒரு கோடு, இடது பக்கம் ஸ்கீ, வலது பக்கம் ஸ்நோபோர்டு, யாரு வந்தாலும் எங்க அடின்னு மட்டும் ஒரு வார்த்தை. பேரு கிடையாது.

ரெண்டு வாரத்துலயே பாத்தா தெரியுது. இடது பக்கம் முழங்கால், முழங்கால், கட்டைவிரல், முழங்கால். வலது பக்கம் மணிக்கட்டு, மணிக்கட்டு, தோள்பட்டை, காலர் எலும்பு, மணிக்கட்டு. ஒரே மலை, ஒரே பனி, ஒரே சரிவுதான், ஆனா கால்ல என்ன மாட்டியிருக்குங்கறத வச்சு உடம்புல உடையற இடமே மாறிடுது. ஸ்கீல ரெண்டு காலும் தனித்தனி, ஒவ்வொண்ணுலயும் உங்க உயரத்துக்குக் கிட்டத்தட்ட வர்ற ஒரு பலகை, ஒரு கால் ஒரு பக்கம் போய் இன்னொண்ணு வேற பக்கம் போனா நடுவுல மாட்டிக்கிட்டு முறுக்கு வாங்கறது முழங்கால். ஸ்நோபோர்டுல ரெண்டு காலும் ஒரே பலகையில பூட்டியாச்சு, காலு தனியா முறுக்காது, அதனால முழங்கால் ஓரளவுக்குத் தப்பிச்சிடும், ஆனா நிலை தடுமாறினா ஒரு காலை எடுத்து முன்னாடி வச்சு சமாளிக்க முடியாதே, கைதான் முதல்ல தரைக்குப் போகும்.

ஆயிரம் பேர் ஒரு நாள் சறுக்கினா அதுல ரெண்டு மூணு பேருக்குத்தான் அடிபடுதுன்னு பல வருஷக் கணக்கு சொல்லுது. கேக்கறப்ப கம்மியாத்தான் இருக்கு. கூட்டமான நாள்ல எங்க வாசல்ல நின்னு பாத்தா அது கம்மியாத் தெரியாது.

டிசம்பர் 20

இன்னைக்கு காலைல வந்தவங்களுக்கு 40 வயசு இருக்கும், நடந்தே வந்தாங்க. மெதுவா, கிட்டத்தட்ட நின்னுட்டிருந்தப்ப பின்பக்கமா உக்காந்த மாதிரி விழுந்தாங்களாம், பூட்டை ஸ்கீயோட பிடிச்சு வைக்கற பைண்டிங் கழலவே இல்ல, உள்ள டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னாங்க. ஒரு மணி நேரத்துல முழங்கால் வீங்கிப் போச்சு. சத்தம், சீக்கிரமே வர்ற வீக்கம், இந்த ரெண்டும் சேந்து வந்தா எனக்கு ஏசிஎல், அதாவது முழங்காலுக்குள்ள எலும்புகளப் பிடிச்சு வைக்கற முக்கியமான லிகமென்ட், ஞாபகம் வராம இருக்காது. தொடையப் பிடிச்சுக்கிட்டு கீழ்க்காலை முன்னாடி இழுத்துப் பாத்தேன், நல்ல கால்னா டக்குனு ஒரு இடத்துல நிக்கும், இது எங்கயும் போய் நிக்கல.

"நடக்க முடியுதே, அப்ப ஒண்ணும் இல்லதானே"ன்னு கேட்டாங்க. ஏசிஎல் அறுந்தவங்க நிறைய பேர் நடப்பாங்க. அதுதான் ஏமாத்தற விஷயம். எம்ஆர்ஐக்கு எழுதிக் குடுத்தேன்.

அவங்க விழுந்த விதத்துக்கு ஒரு பேரே இருக்கு, ஃபான்டம் ஃபுட், அதாவது மாயப் பாதம். அமெரிக்கால வெர்மான்ட்ல சுகர்புஷ்னு ஒரு மலை, அங்க எட்லிங்கர், ஜான்சன், ஷீலின்னு மூணு பேர் 1972ல இருந்து வருஷக்கணக்கா அடிபட்டு வந்தவங்களப் பதிவு பண்ணிட்டே வந்தாங்க. அதுல அவங்க கவனிச்சது என்னன்னா ஸ்கீயோட வால் பகுதி, குதிகாலுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அது பின்பக்கமா இன்னொரு பாதம் மாதிரி வேலை செய்யுது. உடம்பு பின்னாடி சாய்ஞ்சு, இடுப்பு முழங்காலுக்குக் கீழ இறங்கி, மேட்டுப்பக்கக் கை பின்னாடி போய், எடை முழுக்க பள்ளத்துப்பக்க ஸ்கீயோட உள்விளிம்புல விழுந்தா, அந்த வால் பனியக் கவ்வி காலைத் திருப்பிடும். போறது பள்ளத்துப்பக்க முழங்கால். வேகமே வேணாம் இதுக்கு.

டிசம்பர் 22

பைண்டிங் ஏன் கழலலன்னு அவங்க இன்னைக்கு போன்ல கேட்டாங்க. நியாயமான கேள்வி, இதை எல்லாருக்கும் சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

பழைய காலத்துல தோல் பூட், கணுக்கால் உயரம்தான், அப்ப உடைஞ்சது கணுக்கால். 1960கள்ல கெட்டியான பிளாஸ்டிக் பூட் வந்துச்சு, கணுக்கால் தப்பிச்சுது, ஆனா பூட்டோட மேல்விளிம்புக்கு நேரா கீழ்க்கால் எலும்பு உடைய ஆரம்பிச்சுது. அப்புறம் பைண்டிங் நல்லா ஆச்சு, முன்பாதம் பக்கவாட்டுல திரும்பினா கழலும், குதிகால் மேல தூக்கினா கழலும், கீழ்க்கால் முறிவு 1970கள்ல இருந்து பெரிய அளவுல குறைஞ்சு போச்சு. முழங்கால்? அது மட்டும் குறையல. பைண்டிங் காப்பாத்தறது கீழ்க்கால் எலும்பை. அதை செட் பண்ற கணக்கே எலும்பு எவ்வளவு தாங்கும்னு பாத்துப் போட்டது, லிகமென்டுக்காகப் போட்டது இல்ல. பின்னாடி சாய்ஞ்சு விழறப்ப வர்ற முறுக்கு பைண்டிங்குக்குத் தெரியவே தெரியாது. காயம் கணுக்கால்ல ஆரம்பிச்சு கீழ்க்கால், முழங்கால்னு மேல ஏறிக்கிட்டே வந்திருக்கு பாருங்க.

அதுக்காக பைண்டிங் செட்டிங்க அலட்சியமா விடாதீங்க. டின் நம்பர்னு சொல்றது, அதாவது எவ்வளவு விசைக்கு பைண்டிங் கழலணும்ங்கற நம்பர், எடை, உயரம், வயசு, பூட்டோட அடிநீளம், நீங்க எப்படி ஓட்டறவங்க, இது அஞ்சையும் சேத்துப் போடற கணக்கு. அங்க போய் எடையக் கூச்சப்பட்டுக் குறைச்சுச் சொல்றது, ஓட்டத் தெரியாமலே நல்லா ஓட்டுவேன்னு சொல்றது, நண்பனோட ஸ்கீய அப்படியே மாட்டிக்கிட்டுப் போறது, இதெல்லாம் வேணாம். தயவுசெஞ்சு உண்மையச் சொல்லுங்க.

டிசம்பர் 29

இந்தத் தேதி வந்தாலே கார் ரேஸ் வீரர் ஷூமாக்கர் ஸ்கீ ஓட்டறப்ப விழுந்தது ஞாபகம் வந்துடும். 2013, பிரான்ஸ்ல மெரிபெல். ஹெல்மெட் போட்டிருந்தார், பாறையில தலை மோதிடுச்சு.

ஹெல்மெட் போட்டும் ஆச்சே, அப்புறம் எதுக்குன்னு சிலர் கேக்கறாங்க. 2006ல வந்த நார்வே ஆய்வுல ஹெல்மெட் போட்டவங்களுக்கு தலைக்காயம் வர்ற வாய்ப்பு 60% கம்மின்னு வந்துச்சு. வேகமா போய் மரத்துலயோ பாறையிலயோ மோதற அடிய எல்லாம் அது முழுசா தாங்காது, ஐரோப்பியத் தரப்படி சோதனைச்சாலைல அதைக் கீழ போட்டுப் பாக்கற உயரமே ஒன்றரை மீட்டர்தான். ஆனா தினமும் நான் பாக்கற தலை அடி அந்த மாதிரி இல்ல. புதுசா ஸ்நோபோர்டு பழகறவங்க மேட்டைப் பாத்து நின்னு பக்கவாட்டுல சறுக்கறப்ப குதிகால் பக்க விளிம்பு பனியில மாட்டிக்கும், கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிக்கும். கை ஊன டைமே இருக்காது. இந்த மாதிரி அடிக்கு ஹெல்மெட் நிஜமா உதவும்.

நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்ல கனடால மோன் ட்ரம்ப்லான்ல விழுந்தது புதுசா பழகறவங்களுக்கான சரிவுல, பயிற்சியாளர் கூடவே இருந்தார், ஹெல்மெட் இல்ல. எழுந்து நல்லாத்தான் பேசிட்டு இருந்தாங்க. மண்டைக்குள்ள ரத்தம் கட்டி ரெண்டு நாள்ல போயிட்டாங்க. அதனால தலையில அடிபட்டு நல்லா இருக்கேன்னு சொல்றவங்களத் தனியா ரூமுக்கு அனுப்பாதீங்க. தலைவலி கூடுதா, வாந்தி வருதா, பேச்சு குழறுதா, தூக்கத்துல எழுப்பினா எழறாங்களான்னு கூட ஒருத்தர் இருந்து பாக்கணும்.

ஜனவரி 4

தம்பி போன் பண்ணான். ஆபீஸ் நண்பர்களோட அடுத்த மாசம் ஸ்நோபோர்டு பழகப் போறானாம், முதல் தடவை. "அக்கா, முட்டிக்கு நல்ல பேடா ஒண்ணு சொல்லுக்கா"ங்கறான். முட்டி இல்லடா, மணிக்கட்டுக்குப் போடற காப்பு, ரிஸ்ட் கார்டு, அதை வாங்குன்னேன். ஸ்நோபோர்டுல அடிபடறவங்கள்ல ரொம்பப் பேர் முதல் சில நாள்லயே மாட்டறவங்க, அதுல முதல் இடம் மணிக்கட்டு முறிவுக்கு. கார்டு போட்டா அது குறையுதுன்னு ஒண்ணுக்கு மேல ஆய்வு இருக்கு. விரிச்ச கையை ஊனாத, முன்னாடி விழுந்தா முழங்கையும் முன்கையும் சேந்து தரையத் தொடட்டும், பின்னாடி விழுந்தா தாடைய நெஞ்சோட ஒட்டி உருண்டு உக்காரு. நாலு தடவை சொல்லிட்டேன். சரிக்கா சரிக்காங்கறான்.

ஜனவரி 11

இன்னைக்கு ரெண்டு கட்டைவிரல், ரெண்டும் ஸ்கீ. குச்சியப் பிடிச்ச கையோட விழுந்தா கட்டைவிரல் மத்த விரல்கள விட்டு வெளிய தள்ளப்பட்டு அடிமூட்டோட உள்பக்க லிகமென்ட் கிழியுது. இதுக்கு முன்னாடி இருந்த பேரு கேம்கீப்பர் கட்டைவிரல், 1955ல ஸ்காட்லாந்துல வேட்டைக்காடு காக்கறவங்க முயல் கழுத்தை முறிச்சு முறிச்சு இதே லிகமென்ட் தளர்ந்து போனத கேம்ப்பெல்ங்கற டாக்டர் எழுதினார். இப்ப எல்லாரும் ஸ்கீயர் கட்டைவிரல்னுதான் சொல்றாங்க.

ரெண்டு பேருமே சொன்னது ஒரே வார்த்தை, சுளுக்கு. ஒருத்தருக்கு நிஜமாவே அவ்வளவுதான். இன்னொருத்தருக்கு விரல அசைச்சுப் பாத்தப்ப கதவு மாதிரித் திறந்துக்குது. 1962ல ஸ்வீடன் டாக்டர் ஸ்டெனர் காட்டினது இதைத்தான், அறுந்த முனை பக்கத்துல இருக்கற சவ்வுக்கு மேல போய் உக்காந்துட்டா எத்தனை வாரம் கட்டுப் போட்டாலும் தானா ஒட்டாது, ஆபரேஷன்தான். விட்டுட்டா சாவி திருப்பறது, பாட்டில் மூடி திறக்கறது எல்லாம் வாழ்நாள் முழுக்கக் கஷ்டம். விழறப்ப குச்சிய விட்டுடுங்க. அது எங்கயும் ஓடிடாது.

ஜனவரி 18

இதை எழுத ரெண்டு நாள் ஆச்சு.

போன வாரம் ஒரு ஸ்நோபோர்டு பையன், 23 வயசு, சின்ன ஜம்ப் இறங்கறப்ப முன்கால் கணுக்கால் மடங்கி வெளிப்பக்கம் வீங்கியிருந்துச்சு. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. நான் சுளுக்குன்னு எழுதி, கட்டு போட்டு, ஐஸ் வைங்க, ஒரு வாரத்துல சரியாகும்னு அனுப்பிட்டேன். வியாழக்கிழமை திரும்ப வந்தார், வலி குறையவே இல்லன்னு. அப்பத்தான் கணுக்கால் வெளி எலும்போட நுனிக்குக் கொஞ்சம் கீழ, முன்னாடி விரல வச்சு அழுத்திப் பாத்தேன், துள்ளிட்டார். சிடி ஸ்கேன் எடுத்தா கணுக்காலுக்குள்ள இருக்கற டேலஸ் எலும்போட பக்கவாட்டு முனை உடைஞ்சிருக்கு.

ஸ்நோபோர்டர் கணுக்கால்னு பேரே வச்சிருக்காங்க இதுக்கு. மத்த ஆளுங்களுக்கு அபூர்வமா வர்ற முறிவு, மெத்து பூட் போட்டு ஜம்ப் இறங்கற ஸ்நோபோர்டுகாரங்களுக்கு அடிக்கடி வருது. பாதம் மேல மடங்கி, பக்கவாட்டுல திரும்பி, அது மேல உடம்பு எடை இறங்கறப்ப உடையுது. வலிக்கற இடம் சாதாரண சுளுக்கு வலிக்கற இடத்துக்குப் பக்கத்துலயே. எக்ஸ்ரேல பல தடவை தெரியாது. கவனிக்காம விட்டா ஒட்டாமப் போய் கணுக்காலுக்குக் கீழ இருக்கற மூட்டு தேஞ்சு போகும், 23 வயசுல.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. படிச்சிருக்கேன். கூட்டமான சனிக்கிழமை மத்தியானம், எக்ஸ்ரே நார்மல், அந்த வார்த்தை தானா வந்துடுச்சு. அவர் கிட்ட மன்னிப்பு கேட்டேன். நல்லவேளை துண்டு பெருசா விலகல, கட்டுப் போட்டு எடை வைக்காம இருந்தாப் போதும்னு எலும்பு டாக்டர் சொன்னார். இனிமே ஸ்நோபோர்டு பூட்டக் கழட்டிட்டு வந்து கணுக்கால்னு சொல்ற ஒவ்வொருத்தருக்கும் அந்த இடத்துல என் விரல் போகும், கூட்டம் எவ்வளவு இருந்தாலும்.

ஜனவரி 31

ஒரு சின்னப் பையன், ஸ்நோபோர்டு, சாகசம் பண்ண வச்சிருக்கற பாக்ஸ் மேல ஏறி வழுக்கி விலாப்பக்கம் விழுந்திருக்கான். இடது தோள் வலின்னு வந்தான். தோளை எல்லாப் பக்கமும் சுத்தினேன், நல்லா சுத்துது, அழுத்தினாலும் வலி இல்ல. தோள்ல ஒண்ணுமே இல்லாம தோள் வலிக்குது. எங்க சீனியர் டாக்டர் உடனே வயித்துல கை வச்சாங்க. மண்ணீரல். உள்ள ரத்தம் கசிஞ்சு உதரவிதானத்த உறுத்தினா வலி இடது தோள் நுனியில தெரியும். ஸ்கேன் பண்ணிட்டு உடனே ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டாங்க. ஸ்கீய விட ஸ்நோபோர்டுலதான் மண்ணீரல் அடி ஜாஸ்தி.

சாயங்காலம் போன் வந்துச்சு, ஆபரேஷன் தேவைப்படல, படுக்கையில வச்சுப் பாத்துக்கறாங்களாம். அதுக்கப்புறம்தான் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 8

டிசம்பர் 20ல வந்த அந்த ஏசிஎல் கிழிஞ்சவங்க ரீஹேப், அதாவது காலைத் தேத்தற பயிற்சி, ஆரம்பிச்சாச்சு. பொழுதுபோக்கா ஸ்கீ ஓட்டற பெண்களுக்கு ஆண்கள விட ரெண்டு மூணு மடங்கு ஏசிஎல் போகுது, ஏன் எனக்குன்னு அவங்க கேட்டப்ப அதைச் சொன்னேன், நீங்க தப்பா ஓட்டினதால மட்டும் இல்லன்னு. உலகக் கோப்பைல ஓட்டறவங்களுக்கே போகுது, அங்க மட்டும் விதம் வேற, வெளிப்பக்க ஸ்கீ பிடிப்பு இழந்து திடீர்னு மறுபடி பனியக் கவ்வறப்ப முழங்கால் உள்ள மடங்கித் திரும்புது. 20 பேரோட வீடியோவ 2011ல அலசினதுல பாதிப் பேருக்கு இப்படித்தான், விழறதுக்கு முன்னாடியே அறுந்து போச்சு.

அவங்களுக்கு நான் எழுதிக் குடுத்தது வெர்மான்ட்காரங்க சொன்னதுதான். கை எப்பவும் முன்னாடி. விழ ஆரம்பிச்சா முழங்கால நேராக்காத. நிக்கற வரைக்கும் எழ முயற்சி பண்ணாத, எழ முயற்சி பண்றப்பதான் நிறைய அறுந்திருக்கு. பின்னாடி கை ஊனாத. 1993-94 சீசன்ல சரிவுல ரோந்து போற பேட்ரோல் ஆளுங்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இதை வீடியோவோட சொல்லிக் குடுத்தப்ப மோசமான முழங்கால் காயம் 62% குறைஞ்சுது. எந்தக் கருவியும் வாங்கல. எப்படி விழறதுன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

பிப்ரவரி 22

தம்பி போயிட்டு வந்துட்டான். காலைல கார்டு போட்டிருந்தானாம், மத்தியானம் கிளவுஸ் நனைஞ்சு டைட்டா இருக்குன்னு கழட்டிட்டான். மூணு மணிக்கு மேல வெளிச்சம் மங்கி, மேடு பள்ளம் தெரியாம, காலும் சோந்து போயிருக்கு, கடைசி ஒரு ரவுண்டுன்னு போயிருக்கான். கையை ஊனிட்டான்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சுக்கா, நார்மல், வெறும் சுளுக்குதான்னு சொல்லிட்டாங்க."

கட்டைவிரல மேல தூக்கு, அதோட அடியில மணிக்கட்டுல ஒரு குழி விழும் பாரு, அதுக்குள்ள அழுத்துன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "வலிக்குதுக்கா."

அங்க இருக்கறது ஸ்கேஃபாய்டு எலும்பு, அதுல முறிவு முதல் எக்ஸ்ரேல தெரியாமப் போறது சகஜம். அதுக்கு ரத்தம் விரல் பக்கமிருந்து உள்ள போகுது, நடுவுல உடைஞ்சா முன்கைப் பக்கம் இருக்கற துண்டு ரத்தம் கிடைக்காம செத்துப் போகலாம். திரும்பப் போய் கட்டைவிரலும் சேத்து ஸ்பிளின்ட் போடச் சொல்லு, இந்தக் குழி வலிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லு, 10 நாள் கழிச்சு மறுபடி படம் எடுக்கணும், முடிஞ்சா எம்ஆர்ஐன்னேன். திட்டல. திட்ட வரல.

பிப்ரவரி 28

ஸ்பிளின்ட் போட்டுட்டாங்க. அடுத்த படத்துக்கு இன்னும் 4 நாள் இருக்கு. அதுவரைக்கும் கழட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன், கழட்டலன்னு தினமும் ராத்திரி போட்டோ அனுப்பறான்.