ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் கதவு

கச்சான் காத்து அனலா வீசுற இந்த மட்டக்களப்பு வெயிலுக்குள்ள எங்கட பழைய ஆய்வுகூடத்தைத் திருத்துற வேலை நடக்குது. கூரைக்கு வெள்ளை பூசியாச்சு, மேற்கு யன்னலுக்கு நிழல் மறைப்பும் வந்திட்டு.

ஆனா கரண்டைக் குடிக்கிறது பியூம் கபேட்தான், அதாவது இரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேத்துற, மேல கீழ நகருற கண்ணாடிக் கதவு வச்ச அலுமாரி. நச்சுப் புகையோட சேத்து, ஏசி குளிராக்கின காத்தையும் இரவு பகலா வெளியில தள்ளும். பழசில கதவை மூடினாலும் திறந்தாலும் ஒரே அளவு காத்துத்தான் போகும். புதுசில கதவை இறக்க இறக்க விசிறி வேகம் குறையும். வேகம் பாதியானா, கணக்குப்படி அதுக்குத் தேவையான மின்சாரம் 8இல 1 பங்குதான்!

நேத்து கண்ணாடியை மெதுவா இறக்கிப் பாத்தன். இரைச்சல் அப்பிடியே அடங்கி, வெளியில வேப்பமரத்துக் குயில் கேட்டுது. இத்தனை வருசத்தில அந்த அறைக்குள்ள நான் குயிலைக் கேட்டதே இல்ல.

புள்ளையள், வேலை முடிஞ்சதும் கதவை இறக்கிட்டுப் போங்க.