மஞ்சக்குப்பத்தில் விடுப்பு

மே 13, செவ்வாய்

ஹவுராவிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வரும் ரயில் இன்று காலை எங்களைப் புதுச்சேரியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கடலூர் பஸ். "எங்கம்மா இறங்கணும்?" என்று கண்டக்டர் கேட்டதும், "மஞ்சக்குப்பம், ரெண்டு முழு, ஒரு அரை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாங்கள் மிஷனெரிகளாக இருக்கும் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்தோ, கீழே சந்தையில் இந்தி, சந்தால் குடும்பங்கள் வந்தால் அரைகுறை சந்தாலி. எதைப் பேசினாலும் முதலில் மனசுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டுதான் பேசுவேன். இன்று அந்த வேலை இல்லை. ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது கண் கலங்கிவிட்டது. இவர் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா வாசலிலேயே நின்றார். "குளிச்சிட்டு வாங்க, சோறு வெந்துடுச்சு." அவ்வளவுதான் வரவேற்பு. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் (அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்) எங்களோடு அதே மலையில் பணி செய்தவர்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார், அக்காவும் நானும் மருந்தும் பிரசவமும். அண்ணனுடைய அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பினார்கள். அம்மா போனபிறகும் இங்கேயே இருக்கவேண்டியதாகிவிட்டது. அண்ணன் இப்போது சரித்திர ஆசிரியர்.

மூத்தவளை நாசரேத்தில் தாத்தா வீட்டிலிருந்து என் தம்பி நேற்றே கொண்டுவந்து விட்டிருந்தான். போன வருஷத்தைவிட என் காதளவுக்கு வளர்ந்திருக்கிறாள். கொஞ்ச நாள் இங்கே இருந்துவிட்டு எல்லோருமாக நாசரேத் போவதாக ஏற்பாடு.

மதியம் கிழங்கான் மீன் குழம்பு, மாங்காய் போட்டது. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வந்ததை அண்ணன் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் போய் வாங்கி வந்திருக்கிறார்.

மே 14, புதன்

இவர் தூங்குகிறார். காலைச் சாப்பாட்டுக்கு எழுந்தார், மறுபடி படுத்தார். போன மழைக்காலத்தில் மலேரியா வந்து தேறியவர். அதற்கப்புறம் உடம்பு முழுசாகப் பழைய நிலைக்கு வரவே இல்லை.

பதினொரு மணிக்கு ஒரு ஜெபக்குழுவிலிருந்து போன். வெள்ளிக்கிழமை கூடுகைக்கு இவர் வந்து பணித்தளச் செய்தி சொல்லவேண்டும், முடிந்தால் குடும்பமாக. நான் தயங்குவதைப் பார்த்து அக்கா போனை வாங்கிக்கொண்டார். "இல்லீங்க பிரதர், தம்பிக்கு ஓய்வு வேணும். இந்த வாரம் எங்கேயும் வரமாட்டாங்க. நீங்க அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க." கோபமே இல்லாமல், அன்பாகத்தான் சொன்னார்.

இதை நான் எழுதியே ஆகவேண்டும். மிஷனெரி விடுப்பில் வந்தால் அவரை ஊர் ஊராக டெபுடேஷனுக்கு, அதாவது சபைகளில் பணித்தளச் செய்தி சொல்ல, கூட்டிப்போவது நல்ல எண்ணத்தில்தான். அந்த மக்களின் காணிக்கையில்தான் எங்கள் பணி நடக்கிறது, அவர்களுக்கு விவரம் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. ஆனால் விடுப்பு முழுவதும் மேடையாகிவிட்டால் ஓய்வு எங்கே? பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, "அந்த பாஷையில ஒரு பாட்டுப் பாடு பாப்பா" என்று கேட்கும்போது என் மனசு ரொம்பக் கஷ்டப்படும். அவர்கள் அப்பா அம்மாவோடு இருக்கத்தான் வந்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குக் கதவைத் திறந்து, தூங்கவிட்டு, சோறு போட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் இருப்பதும் ஊழியம்தான். அக்கா வீட்டில் அது நடக்கிறது.

மே 16, வெள்ளி

பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று வந்து இறங்கியது. அண்ணனுடைய மாணவன் வீட்டுத் தோப்புப் பழமாம், இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அக்கா பின்கட்டில் பழைய சாக்கை விரித்து, அரிவாளிலும் உள்ளங்கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். ஒரே வெட்டில் பிளக்கவில்லை, சுற்றிக் கீறிக் கையால் விரித்தார். வெள்ளையாகப் பால் வழிய, நடுத்தண்டை முதலில் அரிந்து எடுத்துத் தள்ளினார். "தண்டை எடுத்துட்டா சுளை தானா கழலும்" என்றார். அப்படியே கழன்றது. எதிர் வீட்டுப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சடையைப் பிய்த்துப் போட்டார்கள்.

சின்னவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பிறந்ததே மலையில். கூட விளையாடுகிறவர்கள் எல்லாம் அந்த மலைவாழ் பழங்குடியான பஹாரியாப் பிள்ளைகள், கனவில் பேசினால்கூட மால்தோதான். மால்தோவும் திராவிடக் குடும்பத்து மொழி என்று படித்தவர்கள் சொல்வார்கள், ஓராவோன் மக்கள் பேசும் குடுக்குக்கு நெருங்கியது. ஆனாலும் தமிழ் கேட்டு வளர்ந்த காதுக்கு அது எளிதில் பிடிபடுவதில்லை. அவனுக்கோ தமிழ்தான் மூச்சுப்பிடித்துப் பேசவேண்டிய மொழி. முதல் நாள் என் முந்தானையை விடவில்லை. இன்று எதிர் வீட்டுப் பையன் ஒரு சுளையைப் பிடுங்கிக்கொண்டு ஓட, இவன் பின்னாலேயே ஓடி, "டேய், அது என்னுது, குடுறா!" என்று கத்தினான். இந்தச் சத்தத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம். மூத்தவள் அவனைத் தூக்கிச் சுற்றினாள்.

கொட்டைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம். நாளை சாம்பார்.

மே 17, சனி

வெயில் தாழ்ந்ததும் வெள்ளிக் கடற்கரை. வழியில் கெடிலம் கரையில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்தை அண்ணன் காட்டினார். இடிபாடுதான் மிச்சம். 1690-ல் மராட்டியரிடம் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, கொஞ்ச காலம் இந்தக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்தார்.

எனக்கு மனசில் நின்றது கோட்டை இல்லை, அண்ணன் சொன்ன கியர்நாண்டர். ஸ்வீடன்காரர், ஜெர்மனியில் ஹாலேயில் இருந்தவர், ஆங்கிலேய சங்கத்தின் செலவில் 1740-ல் மிஷனெரியாகக் கடலூருக்கு வந்தார். தமிழ் படித்தார். 1758-ல் கோட்டை விழுந்ததும் இங்கே சேர்த்ததெல்லாம் போய், கடைசியில் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே அவர் கட்டி 1770-ல் திறந்த பழைய மிஷன் கோயில் இன்றும் இருக்கிறது. ஹாலேயிலிருந்து வந்த ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1750-ல் கப்பலை விட்டு இறங்கியதும் கடலூரில்தான், தரங்கம்பாடி போவதற்கு முன்னால். அப்போது கியர்நாண்டர் இந்த ஊரில் இருந்தார். ஹாலேயிலிருந்து ஒருவர் வந்து இறங்கியபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தபடியே மணலில் நடந்தேன். ஜெர்மனில் பேசவாவது ஆள் கிடைத்திருக்கும். ஆனால் அவருடைய சொந்த மொழியில், ஸ்வீடிஷில், பேச ஆள் இங்கே யார் இருந்திருப்பார்கள்? வேலையைப் பற்றிய குறிப்புகள் நிறைய மிஞ்சுகின்றன. இந்தத் தனிமையை யாரும் எழுதி வைப்பதில்லை.

பிள்ளைகள் அலையில் நனைந்து, சுண்டல் தின்று, வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுது, வந்தார்கள்.

மே 18, ஞாயிறு

காலை ஆராதனை. ஆற்காடு லுத்தரன் சபைக்கு இந்த ஊர்தான் தலைமையிடம், டேனிஷ் மிஷன் வழி வந்த சபை. எங்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அக்கா ஆயரிடம் முன்னாடியே சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. அவரும் வாசலில் கையைப் பிடித்து, "நல்லா ஓய்வெடுங்க" என்றதோடு விட்டுவிட்டார்.

மலையில் மால்தோவில் ஜெபிக்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷம் உண்டு. இன்று எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னபோது, நான் சின்ன வயசில் அம்மா பக்கத்தில் நின்று சொன்ன அதே ஏற்ற இறக்கத்தில் குரல் போனது. அடுத்த வரி எது என்று தேடவேண்டியிருக்கவில்லை. கீர்த்தனை பாடும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டு, பின்பாட்டில் உச்சஸ்தாயியில் ஏறினார். ரொம்ப நாளாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

மே 20, செவ்வாய்

நேற்று ராத்திரி கரண்ட் போய், பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். மற்றவர்கள் தூங்கியபிறகு அக்கா கேட்டார்: "மேல் ஊர்ல அந்தப் பொண்ணு என்ன ஆச்சு? லெட்டர்ல பாதியோட நிறுத்திட்டே."

ஏழு வயசுப் பிள்ளை. காலா அசார். மண்சுவர் விரிசலிலும் மாட்டுக்கொட்டகையிலும் ஒதுங்கியிருக்கும் மணல் ஈ கடித்து வருவது. வாரக்கணக்கில் காய்ச்சல், உடம்பு வற்றி வயிறு மட்டும் பெரிதாகும், மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஊசி. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் ஆம்போடெரிசின் மருந்தை ஒரே தடவை டிரிப்பில் ஏற்றினால் போதும், பெரும்பாலும் குணமாகிவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் பிழைப்பது அரிது. அந்தப் பிள்ளையை முதலில் மந்திரித்து வைத்தியம் பார்க்கும் ஓஜாவிடம் காட்டி, அப்புறம் எங்களிடம் கொண்டுவந்தார்கள். கயிற்றுக் கட்டிலைக் கம்பில் கட்டித் தூக்கி இறக்கினோம்.

"எந்த வழியா இறக்கினீங்க? ஊத்துப் பக்கமா?"

"ஆமாக்கா. மழையில அந்தப் பாறைகிட்ட..."

"தெரியும். அங்க வழுக்கும்."

தார்ரோட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது. இதைச் செய்திமடலில் இரண்டு வரி ஜெபக்குறிப்பாக எழுதினேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் மலையை விளக்கவேண்டும், நோயை விளக்கவேண்டும், ஓஜாவை விளக்கவேண்டும், விளக்கி முடிப்பதற்குள் அழுகை எங்கேயோ போய்விடும். அக்காவுக்கு எதையும் விளக்கவேண்டியதில்லை. பிள்ளையின் பெயரைச் சொன்னேன், அதன் அம்மாவைப் பற்றிச் சொன்னேன், அழுதேன். அக்காவும் அழுதார். அந்த அம்மாவின் முதல் பிரசவத்தைப் பார்த்தவர் அவர்தான்.

மே 21, புதன்

இன்று மாலை திருப்பாதிரிப்புலியூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பிடிக்கவேண்டும். நாசரேத்திலேயே நிற்கும், இறங்கி மாறவேண்டியதில்லை. அக்கா முந்திரியும் நெத்திலிக் கருவாடும் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறார். கருவாட்டுக்கு மூன்று பிளாஸ்டிக் பை, அப்படியும் மணக்கிறது.

காலைக் காப்பியின்போது அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். காலாண்டு விடுமுறைக்கு மூத்தவள் விடுதியிலேயே இருக்கவேண்டாம், இங்கே வரட்டும். எங்களால் அடுத்த கோடைவரை வரமுடியாது. நாசரேத்தில் அப்பாவுக்கு வயசாகிவிட்டது, ஒவ்வொரு விடுமுறைக்கும் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட ஆள் இல்லை. இவர் உடனே சரி என்றார். நான் மூத்தவள் முகத்தைப் பார்த்தேன். அவள் யோசித்துவிட்டு, "என் ஃபிரண்டையும் கூட்டிட்டு வரலாமா பெரியம்மா? அவ அப்பா அம்மா குஜராத்ல இருக்காங்க, அவளும் ஹாஸ்டல்லதான் இருப்பா" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் வாங்க, பெரிய கட்டில் சும்மாதான் கெடக்கு" என்றார் அக்கா.

இவர் உட்கார்ந்து வார்டனுக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளையின் பெற்றோரிடமும் கேட்கவேண்டும். அவர்கள் இருக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தால்தான் சிக்னலாம். அண்ணனே ஞாயிறு மதியம் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லி நம்பரைக் குறித்துக்கொண்டார்.