‘எப்படி?’ என்று கேட்டுப் படித்த வங்கிப் பாடம்

தரம் 13இல் ஒரு தவணைப் பரீட்சையில், உலகப் பொருளாதாரம் தளம்பும்போது வங்கிகளுக்கு வரும் சவால்களை விளக்கச் சொல்லி ஒரு வினா வந்தது. திரவத்தன்மைக் குறைவு (கையில் காசு போதாமை), வட்டி வீத உயர்வு, கடன் அறவீடு குறைதல், செலாவணி வீதத் தளம்பல், நம்பிக்கை இழப்பு, மூலதனம் போதாமை என்று ஆறு சவால்கள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. கிடைத்தது 20க்கு 7. விடைத்தாள் கைக்கு வந்தபோது ஒவ்வொரு சவாலுக்கும் பக்கத்தில், ஓரத்தில், சிவப்புப் பேனையால் ஒரே சொல்: “எப்படி?” ஆறு தடவை.

எனக்குக் கோபம்தான் வந்தது. குறிப்பில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தேனே. சேரிடம் போய்க் கேட்டேன். “நீ எழுதினது சவால்களோட பேர், மகள். வங்கிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு வரி காட்டு, மார்க் போடுறேன்” என்றார். காட்ட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பாடத்தை நான் உண்மையில் படிக்கத் தொடங்கினேன். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து, தினமும் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத 2022இல்.

முதலில் வங்கியின் ஐந்தொகையை, அதாவது வங்கி கொடுக்க வேண்டியதையும் அதற்கு வர வேண்டியதையும் காட்டும் கணக்கை, ஒரு தாளில் வரையுங்கள். ஒரு பக்கம் வைப்புகள்: மக்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்கக்கூடிய பணம். மறுபக்கம் கடன்களும் திறைசேரி முறிகளும் (அரசுக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்கள்): ஐந்து வருடம், பத்து வருடம் கழித்துத் திரும்பி வரும் பணம். வைப்புகள் இருக்கும் பக்கத்திலேயே சொந்த மூலதனம், மிகச் சின்னதாக. எங்கள் லயத்தில் சீட்டுப் பிடிக்கும் அக்காவை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று புரியும். மாதம் ஒருவர் எடுக்கும்வரை சீட்டு ஒழுங்காக ஓடும். எல்லாரும் ஒரே மாதத்தில் வந்து நின்றால், அக்கா எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கொடுக்க முடியாது. எந்தச் சவாலைப் படித்தாலும், அது இந்தத் தாளில் எந்தப் பக்கத்தை எப்படித் தாக்குகிறது என்று பாருங்கள்.

வட்டி வீதம்தான் என்னை அதிகம் குழப்பியது. வட்டி கூடினால் வங்கிக்கு லாபம்தானே, அது எப்படிச் சவால்? இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருடத்தில் 105 ரூபாய் தரும் முறி ஒன்றை வங்கி 100 ரூபாய்க்கு வாங்குகிறது. அதாவது 5 சதவீதம். மறுநாள் சந்தை வட்டி 10 சதவீதமாகிறது. இப்போது அந்தப் பழைய முறியை யாரும் 100 கொடுத்து வாங்க மாட்டார்கள், 105ஐ 1.10ஆல் வகுத்தால் வரும் 95.45தான் அதன் விலை. ஒரு வருட முறிக்கே இவ்வளவு. பத்து வருட முறிக்கு விழுகை இன்னும் பெரிது. முதிர்வு வரை வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் வைப்பாளர் பணத்தைக் கேட்டுவிட்டால் விற்றே ஆக வேண்டும்.

அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கிக்கு நடந்தது இதுதான். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் இருந்து வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. அந்த வங்கியின் நீண்டகால முறிகள் விலை இழந்தன. அதன் வைப்புகளில் பெரும்பகுதி 250,000 டொலர் காப்புறுதி எல்லையைத் தாண்டியவை. 2023 மார்ச் 9ஆம் திகதி ஒரே நாளில் 42 பில்லியன் டொலரை வைப்பாளர்கள் எடுத்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. இந்த ஒரு உதாரணத்திலேயே வட்டி, திரவத்தன்மை, நம்பிக்கை மூன்றும் ஒன்றையொன்று இழுப்பது தெரிகிறது. நான் உயர்தரப் பரீட்சை எழுதும்போது இது நடக்கவில்லை. உங்களுக்கு இது கையில் இருக்கிறது, பயன்படுத்துங்கள். அப்படியே நம் நாட்டு எல்லையையும் எழுதுங்கள்: இலங்கையில் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி.

அப்புறம் செலாவணி. இதைப் புத்தகத்தில் தேடவே தேவையில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. கடதாசிக்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு? இறக்குமதியாளருக்கு எல்.சி. (பொருளுக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறந்து கொடுக்க வங்கியிடம் டொலர் இல்லை. இன்னொரு பக்கம், உத்தியோகபூர்வ வீதம் 200 சொச்சத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்தபோது வெளியே அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. குவைத்தில் இருந்த எங்கள் சித்தியும் வங்கியை விட்டு உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் கைமாற்றாக) அனுப்பத் தொடங்கினார். சித்தி மாதிரி எத்தனையோ பேர். தொழிலாளர் பணவனுப்பல் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். டொலர் 360 ரூபாய்வரை போனபோது, வெளிநாட்டில் ஒரு மில்லியன் டொலர் கடன்பட்டிருந்த நிறுவனத்துக்கு 200 மில்லியன் ரூபாய்ச் சுமை 360 மில்லியனானது. அந்த நிறுவனம் இங்குள்ள வங்கிக் கடனையும் கட்ட முடியாமல் போனால் அடி வங்கிக்குத்தான்.

கடன் அறவீட்டில் எல்லாரும் செய்யும் ஒரு பிழை உண்டு. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை (வங்கிகள் தன்னிடம் வைக்கும் பணத்துக்கு ஒன்று, தன்னிடம் எடுக்கும் கடனுக்கு ஒன்று) ஒரேயடியாக 700 அடிப்படைப் புள்ளிகளால், அதாவது 7 சதவீதப் புள்ளிகளால் ஏற்றி, 13.50, 14.50 சதவீதம் ஆக்கியது. “வட்டி ஏறியது, ஆகவே கடன் திரும்பி வரவில்லை” என்று எழுதி முடித்துவிடுகிறோம். பக்கத்து வீட்டு அண்ணா லீசிங்கில் ஆட்டோ எடுத்திருந்தார். அவருடைய தவணைத் தொகை மாறவே இல்லை. பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் கிடந்ததால் ஓட்டம் இல்லை, வருமானம் இல்லை, தவணை நின்றது. டவுனில் மேலதிகப் பற்று (கணக்கில் இருப்பதைவிடக் கூட எடுக்கும் கடன்) எடுத்திருந்த கடைக்காரருக்கோ வட்டியே ஏறியது. இரண்டுமே தவணை வராமல் நின்றுபோன செயற்படாக் கடனாகலாம். வந்த வழி வேறு. அந்த வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதினால் திருத்துபவர் நின்று வாசிப்பார்.

அந்த வருடம் என் வகுப்புக் காசுக்காக அம்மா தோட்டை அடகு வைக்கப் போனபோது நானும் கூடப் போனேன். தராசில் போட்டு, கல்லில் உரசிப் பார்த்த பிறகு சொன்ன தொகை, போன வருடம் அதே தோட்டுக்குக் கிடைத்ததைவிடக் கூட. அம்மாவுக்கு ஆச்சரியம். ரூபாய் விழுந்ததால் தங்கம் ஏறியிருந்தது. மற்றக் கடன்களுக்குத் தயங்கும் வங்கி அடகுக்கு ஏன் தயங்கவில்லை என்று அந்தக் கவுண்டரில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. பிணை கையிலேயே இருக்கிறது, அதன் விலையும் ஏறுகிறது. ஆனால் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 69.8 சதவீதத்தைத் தொட்டது. கூடுதலாகக் கிடைத்த அந்தக் காசு வீட்டுக்கு வருவதற்குள் மாவிலும் பருப்பிலும் கரைந்தது.

பலர் விட்டுவிடும் இடம், அரசும் வங்கியும் பின்னிக்கிடப்பது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அரசின் முறிகளை வைத்திருப்பவர்களில் வங்கிகளும் உண்டு. ஆகவே அரசு கட்டாவிட்டால் வங்கியின் ஐந்தொகையிலும் ஓட்டை விழும். 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு (நாட்டுக்குள் பட்ட கடனின் நிபந்தனைகளை அரசு மாற்றுவது) வந்தபோது ஐந்து நாள் தொடர்ந்து வங்கிகள் மூடியிருந்தன. அப்பா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, “பேங்க் அஞ்சு நாள் பூட்டாமே, நம்ம சேமலாப நிதிக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டார். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை; தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியின் முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன, உறுப்பினருக்கு ஆகக்குறைந்தது 9 சதவீத வட்டி என்று உறுதி சொல்லப்பட்டது. வங்கிகளை ஏன் விட்டார்கள்? கடன் அறவீட்டில் ஏற்கெனவே அடிபட்டிருந்த வங்கிகள் மேல் இன்னொரு சுமை விழுந்தால் வைப்பாளர் பயந்து ஓடி வருவார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். காரணம் புரிகிறது. ஆனாலும் காலம் முழுக்கக் கொழுந்து எடுத்தவர்களின் ஓய்வுகாலப் பணத்தில் கை வைத்தது நியாயமாக எனக்குப் படவில்லை. நீங்கள் விடையில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

பழைய குறிப்பை வைத்துப் படிப்பவர்கள் கவனியுங்கள். மத்திய வங்கிக்கு முன்பு இருந்த நாணயவிதிச் சட்டம் இப்போது இல்லை. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்துவிட்டது. முதனிலைச் சந்தையில், அதாவது அரசு புதிதாக வெளியிடும்போதே, அதன் பிணையங்களை (முறி போன்ற பத்திரங்களை) மத்திய வங்கி வாங்குவதை அது தடுக்கிறது. 2024 நவம்பரில் இருந்து இரண்டு கொள்கை வீதங்களுக்குப் பதிலாக ஓரிரவு கொள்கை வீதம் ஒன்றுதான். மத்திய வங்கியின் வருடாந்த வெளியீடுகள் தமிழிலும் வருகின்றன. முழுதும் வாசிக்க முடியாது, வங்கித்துறை பற்றிய பகுதி போதும்.

உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் நான் ஆறு சவால் எழுதவில்லை. மூன்றுதான். ஒவ்வொன்றையும் வெளியே நடந்த அதிர்ச்சியில் தொடங்கி, ஐந்தொகையில் எந்தப் பக்கம் அடிபட்டது என்று காட்டி, யாருடைய கையில் போய் முடிந்தது என்பதுவரை கொண்டுபோனேன். நேரம் சரியாக இருந்தது.

இப்போது ஞாயிறு காலைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேர் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள். போன வாரம் ஒரு தங்கச்சி, சேமலாப நிதி மாற்றத்தை வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நல்ல விடை. இரண்டு இடத்தில் மட்டும் ஓரத்தில் “எப்படி?” என்று போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.